சின்னத் திருத்தங்களின் திருடன்

மூன்றாவது நாளும் வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒன்பது மணிக்கு வரவேண்டியவன் ஒன்பது இருபதுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எட்டரைக்கு வீட்டைப் பூட்டிக் கிளம்பியவன் நான். பஸ் ஊர்ந்தது வாஸ்தவம். அதற்காக ஐம்பது நிமிடமா ஊர்ந்தது? இதை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் கையால் காட்டிவிட்டு, என் போனை வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கும் இடம் என்பதால் போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. எனக்கும் அந்த ஆளுக்கும் ஏழாம் பொருத்தம், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடக் குனிந்தபோது பார்த்தேன். என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இன்றும் ‘விசிட்டர், வழுக்கை’ என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படிக்கப் பிடிக்காமல் கண்ணை எடுத்துக்கொண்டேன். வெறுப்பு மண்டையில் ஏறியது. முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

தேவைதான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கப் போய், ஒரே ஒரு மெஷினை விற்று, அதையும் என் அண்ணன் தலையிலேயே கட்டியவன் நான். அந்த மெஷின் ஒழுகியபோது என்னைத் திட்டிக்கொண்டே வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் தீ விபத்துகளைப் பார்த்தவர். தானாக எரிந்ததா, ஆள் வைத்து எரித்ததா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவார். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான் அலைகிறேன். இந்த அச்சகத்தில் நாங்கள் அட்டையின் தரம் பார்க்க வந்தவர்கள். உண்மை முதலாளிக்கு மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி எங்களுக்குக் கெடு. அதற்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் டீச்சர் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான்.

டீச்சர் என்றால் நிஜ டீச்சர் இல்லை. பத்தொன்பது வருடமாக இங்கே டிசைன் பார்க்கிறவர். யார் எழுதிய எதிலும் பிழை கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். வாட்ச்மேனின் ரிஜிஸ்டரில்கூட அவருடைய சிவப்புச் சுழிகள் உண்டு.

அவருடைய வேலை எளிமையானது. மாடியில் டிசைன் அறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. பெட்டியின் டிசைனை அதில்தான் செய்வார். செய்ததைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு ஏற்றிக்கொண்டு கீழே மெஷின் ஹாலுக்கு இறங்குவார். மருந்துக் கம்பெனியின் ஆள் அங்கே நின்று, இந்த எழுத்தை மாற்று, அந்தக் கோட்டைத் தள்ளு என்பார். டீச்சர் நின்ற இடத்திலேயே லேப்டாப்பில் திருத்திவிட்டு, மேலே வந்து கேபிளைச் சொருகுவார். உடனே ஒரு புரோகிராம் ஓடும். இரண்டு மெஷினிலும் இருக்கிற ஃபைல்களை அது ஒப்பிட்டு, எது புதியதோ அதை இரண்டிலும் வைத்துவிட்டுப் பழையதை அழித்துவிடும். பெரிய கம்ப்யூட்டரில் இருப்பதுதான் பிறகு அச்சுக்கான உலோகத் தகட்டில், அதாவது பிளேட்டில் ஏறும்.

நாலு மாதமாக டீச்சர் செய்கிற திருத்தங்கள் காணாமல் போகின்றன. கம்ப்யூட்டரிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. போன வாரம் ‘ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை’ என்று தப்பாக இருந்ததை ‘ஒன்று’ என்று மாற்றினேன் என்கிறார். பன்னிரண்டாயிரம் பெட்டிகள் ‘மூன்று’ என்றே அச்சாகிவிட்டன. பெட்டிகளில் மாத்திரை போடுவதற்கு முன்னால் யாரோ கவனித்ததால் உயிர்கள் தப்பின. எல்லாப் பெட்டிகளும் கிழிக்கும் மெஷினுக்குப் போயின.

போட்டிக் கம்பெனி காசு கொடுத்து உள்ளாளை வைத்திருக்கிறது என்பது முதலாளியின் கட்சி. அவர் சந்தேகப்பட்டது பிளேட்காரரை. டிசைன் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார், மாற்றுச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் டீச்சர் யாரையும் சந்தேகப்படவில்லை. நேற்றுக் காலை ராஜினாமாக் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். முதலாளி அதன் ஓரத்தில் ‘நாளை மாலை ஐந்து மணியுடன் விடுவிக்கப்படுகிறார்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

டீச்சருக்குப் பயம் வேலையைப் பற்றி மட்டுமில்லை. முதல் நாளே அண்ணியிடம் சொன்னார்.

“எங்கம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயசுல ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சுட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா எரிஞ்சுகிட்டிருக்கும். எனக்கு இப்ப ஐம்பத்தொண்ணு.”

அதற்குப் பிறகு அவரை நான் கவனித்தேன். சாயங்காலம் கேட் வரைக்கும் வருவார், நிற்பார், மேலே திரும்பிப் போவார். டிசைன் அறையைப் பூட்டினோமா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். மறுபடி கேட், மறுபடி மாடி.

நான் மாடிக்குப் போனபோது தரம் பார்க்க என்று டீச்சரிடம் கேட்டு வாங்கிய சின்ன நோட்டை அண்ணி விரித்து வைத்திருந்தார். தன் ஞாபகத்தை நம்பாமல் டீச்சர் நாலு மாதமாக ஒவ்வொரு திருத்தத்தையும் அதில் எழுதி, கீழே எத்தனை நிமிடம் இருந்தார் என்பதையும் குறித்திருந்தார். மூன்று நாளாக அண்ணி அந்த நோட்டோடுதான் குடித்தனம். ஆளைப் பின்தொடரவேண்டும், அலமாரியைக் குடையவேண்டும், அதெல்லாம் என் தலையில்.

“தம்பி, இந்தத் திருடனுக்கு ஒரு ருசி இருக்கு” என்றார் அண்ணி. “வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் ராத்திரி உட்கார்ந்து பண்ணின பெரிய வேலை ஒண்ணுகூடத் தொலையல. கீழே முக்கால் மணி நேரம் நின்னு பண்ணினதும் தொலையல. எட்டு நிமிஷத்துல, பன்னெண்டு நிமிஷத்துல ஓடிப்போய்ப் பண்ணிட்டு வந்தது மட்டும் தொலையுது.”

திருடனுக்கு அஜீரணமாக இருக்கும், சின்னதாகச் சாப்பிடுகிறான் என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. திருத்தங்கள் தொலையத் தொலைய டீச்சர் பயந்துபோய் இன்னும் வேகமாக வேலை செய்திருக்கிறார், வேகமாகச் செய்யச் செய்ய இன்னும் அதிகமாகத் தொலைந்திருக்கிறது என்றார். அது ஏன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் இங்கே என்ன மாறியது என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறார். அதுவரை ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார்களாம். வைரஸ் வருகிறது என்று முதலாளி அதைத் தடுத்துவிட்டு, இந்தக் கேபிளையும் புரோகிராமையும் வைத்தாராம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கேபிளா வந்து திருடும்? நான் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று மார்பைத் தட்டிக்கொண்டு என் கண்டுபிடிப்பை எடுத்து வைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் பிளேட்காரர் வெளியே போனதும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அவர் மூலையில் இருந்த மருந்துக் கடைக்குப் போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு நான் ஒரு இருமல் மாத்திரை வாங்கினேன். என் பில்லில் மணி ஐந்து ஐம்பத்துமூன்று என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் கேட் ரிஜிஸ்டரில் பிளேட்காரர் வெளியே போன நேரம் ஆறு பத்து. வெளியே போவதற்குப் பதினேழு நிமிடம் முன்னாலேயே ஒருத்தன் வெளியே நின்று மருந்து வாங்குகிறான் என்றால் ரிஜிஸ்டர் பொய். ரிஜிஸ்டர் பொய் என்றால் ஆளும் பொய்.

அண்ணி பில்லை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிளேட்காரரிடம் நேரில் பேசிவிட்டு வரச் சொன்னார்.

பிளேட்காரர் ஒல்லியான மனிதர். சிவந்த கண்ணோடு தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரம் பார்க்க வந்தவன் டீச்சரைப் பற்றி ஏன் விசாரிக்கிறான் என்று அவர் கேட்கவே இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் பேசினார். நேற்று டீச்சர் லேப்டாப்போடு இந்த அறைக்கு வந்து, ராஜினாமா எழுதிவிட்டேன், எழுதிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று அழுதாராம். இவர், செய்யாத தப்புக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டாராம்.

“உடனே லேப்டாப்பைத் திறந்து, கடிதத்தை இங்கேயே மாத்தினாங்க சார். ‘நான் போகவில்லை. என்ன நடக்கிறது என்று நீங்கள் கண்டுபிடியுங்கள், அதுவரை இருப்பேன்’னு எனக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டிட்டுத்தான் பக்கத்துல அவங்க அறைக்குப் போனாங்க. அப்புறம் எப்படி அவங்க போறாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளியின் மேஜையில் கிடக்கிற கடிதத்தை நானே படித்திருக்கிறேன். ‘வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று தெளிவாக இருக்கிறது. நேரத்திலும் பொய், கடிதத்திலும் பொய். ஓடாத குறையாக அண்ணியிடம் போய், ஆள் வாயாலேயே மாட்டிக்கொண்டான் என்றேன்.

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு நேரத்தில் கடிதத்தை மாற்றினார்களாம் என்று கேட்டார். எழுதிப் பத்து நிமிடத்துக்குள் என்றேன். எழுந்து கேட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி, பிளேட்காரரின் ஆறு பத்து இருந்த வரியில் விரலை வைத்து, ஒரு வரி கீழே இறக்கினார்.

“இது யாரு தம்பி? விசிட்டர், வழுக்கை?”

“நான்தான் அண்ணி. விடுங்க.”

“வெளியே போன நேரம் ஆறு பதினொண்ணுன்னு போட்டு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இருமல் மாத்திரை வாங்கினது அஞ்சு ஐம்பத்துமூணுக்கு. அப்ப நீங்களும் பொய்யா?”

அண்ணி வாட்ச்மேனிடம் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். முதலாளியின் அனுமதி வேண்டும் என்றார் அவர். முதலாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், டிசைன் அறைக்கு, என் கொழுந்தனாரின் போனோடு என்றார் அண்ணி.

ஆனால் முதலாளி வெளியே போயிருந்தார். அவர் வரும்வரை நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. என்ன விஷயம் என்று நான் நாலு தடவை கேட்டேன். அவர் வந்ததும் ஒரே தடவையாகச் சொல்கிறேன் என்று நாலு தடவையும் பதில் வந்தது. பக்கத்தில் டிசைன் அறையில் டீச்சர் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். சிவப்புப் பேனாக்களை ரப்பர் போட்டுக் கட்டும் சத்தம்கூடக் கேட்டது.

முதலாளி வந்து சேர்ந்தபோது டிசைன் அறைக் கடிகாரத்தில் நாலு நாற்பத்தைந்து. டீச்சர், பிளேட்காரர், முதலாளி, போனைக் கையில் ஏந்திய வாட்ச்மேன், நான், எல்லோரும் அந்தச் சின்ன அறையில் இடித்துக்கொண்டு நின்றோம். நேற்று எழுதிய கடிதத்தை முதலில் எழுதியபடியே கம்ப்யூட்டரில் மறுபடி அடிக்குமாறு டீச்சரிடம் அண்ணி சொன்னார். டீச்சர் அடித்தார். அதைக் கேபிளில் லேப்டாப்புக்கு ஏற்றிவிட்டு, கேபிளைக் கழற்றச் சொன்னார். பிறகு, பிளேட்காரருக்குப் படித்துக் காட்டியதுபோல் லேப்டாப்பில் மாற்றச் சொன்னார். ‘நான் போகவில்லை’ என்று அடித்தார். நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

“இப்ப கேபிளைச் சொருகுங்க” என்றார் அண்ணி.

டீச்சர் சொருகினார். புரோகிராம் ஓடி முடிந்தது. கம்ப்யூட்டரில் கடிதத்தைத் திறந்தால், ‘விலகிக்கொள்கிறேன்’. லேப்டாப்பில் திறந்தால், அதிலும் ‘விலகிக்கொள்கிறேன்’. அறையில் ஒருத்தரும் அந்த ஃபைலைத் தொடவில்லை.

அண்ணி என் போனை வாங்கிச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கடிகாரத்தில் நாலு ஐம்பத்தைந்து. போனில் நாலு முப்பது.

“இந்தக் கட்டடத்துல எல்லாக் கடிகாரமும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னால ஓடுது. யாரு வெச்சது?”

நான்தான் என்றார் முதலாளி, கொஞ்சம் பெருமையாகவே. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை லாரி கிளம்பிப்போய்ச் சரக்கு தங்கிவிட்டதாம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே முன்னால் தள்ளி வைத்து, திங்கட்கிழமை தோறும் சரிபார்க்கிறாராம். இங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும் என்றார். வாட்ச்மேன் தலையாட்டினார். அதற்குக் கம்பெனி டைம் என்று பெயராம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எங்களிடம் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. மூன்று நாள் திட்டு வாங்கினேனே, எனக்காவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“இந்தக் கம்ப்யூட்டர்லயும் நீங்கதானே டைம் வெச்சீங்க?”

மருந்துக் கம்பெனியின் நிபந்தனைப்படி அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது, அதனால் கையால்தான் வைக்கவேண்டும் என்றார் முதலாளி. சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

மீதியை அண்ணி பொறுமையாகச் சொன்னார். டீச்சர் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிற லேப்டாப், இன்டர்நெட்டில் சரியான நேரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரில் சேமிக்கிற ஃபைலில் பதினொன்று இருபத்தைந்து என்று முத்திரை விழுகிறது. டீச்சர் கீழே போய்ப் பத்து நிமிடத்தில் திருத்தினால், லேப்டாப்பில் அதற்குப் பதினொன்று பத்து என்று முத்திரை. மேலே வந்து சொருகினால், புரோகிராம் இரண்டு முத்திரையையும் பார்க்கிறது. பதினொன்று இருபத்தைந்துதான் புதியது என்று நினைத்து, திருத்தியதை அழிக்கிறது. இருபத்தைந்து நிமிடம் தாண்டிச் செய்தால் பிழைக்கும். அதற்குள் செய்தால் சாகும். பென் டிரைவில் கையால் மாற்றிய காலத்தில் எந்த ஃபைல் வேண்டும் என்று டீச்சரே பார்த்து எடுத்ததால் அப்போதெல்லாம் இந்தத் தொல்லை வரவில்லை.

முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரைப் பிடிக்க எங்களைக் கூப்பிட்டாரோ அந்த ஆள் அவர்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிளேட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து விட்ட கண்ணா, வேறா என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுகையில படிச்சுப் பார்க்காம பிரின்ட் எடுத்துக் கொடுத்துட்டு, மாத்தினதா நெனச்சதே என் பிரமைன்னு இருந்துட்டேன். அப்ப நேத்து நான் மாத்தினேன்” என்றார்.

“மாத்துனீங்க” என்றார் அண்ணி. “‘மூன்று’ன்னு இருந்ததையும் மாத்துனீங்க. எல்லாத்தையும் மாத்துனீங்க.”

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை இருபத்தைந்து நிமிடம் பின்னால் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டு இறங்கினார். மணி நாலு முப்பத்தைந்து ஆயிற்று.

முதலாளி சட்டைப் பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். நேரம் தவறக்கூடாதென்றுதான் செய்தேன், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று என்னவோ சொன்னார். டீச்சர் அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

“நாலு மாசமா வீட்டுக்குப் போனதும் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன் சார். தினமும். மூணு தடவை. என் பொண்ணுக்குத் தெரியாம.”

டீச்சர் தன் சின்ன நோட்டை அவர் கையில் வைத்தார்.

“இதை இனிமே நீங்க வெச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்.”

கட்டிவைத்த சிவப்புப் பேனாக்களை அவிழ்த்து மேஜை மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கம்ப்யூட்டரின் நேரத்தைச் சரியாக்கி, தன் கடிதத்தைத் திறந்து ‘நான் போகவில்லை’ என்று மூன்றாவது தடவையாக அடித்து, சேமித்தார். பிறகு கீழே மெஷின் ஹாலுக்குப் போய், தொலைந்துபோன திருத்தங்களை ஞாபகத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய ஆரம்பித்தார்.

போகும்போது என் மூன்று நாள் தாமதத்தையும் ரிஜிஸ்டரில் திருத்தும்படி வாட்ச்மேனிடம் கேட்டேன். அடித்துத் திருத்தினால் டீச்சர் சுழித்துவிடுவார் என்று மறுத்துவிட்டார். வழுக்கையையாவது எடுக்கச் சொன்னேன். அது தப்பில்லையே என்றார். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தில் நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கே நின்றபோதுதான் டீச்சர் வெளியே வருவதைப் பார்த்தேன். தோளில் லேப்டாப் பை. கேட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் நின்றார். ஒரு கால் மாடிப்படிப் பக்கம் திரும்பியது. வாட்ச்மேன்கூட எழுந்து வழிவிட்டார்.

டீச்சர் திரும்பிப் போகவில்லை. கையெழுத்துப் போட்டார், நேரத்தைக் குறித்தார், நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்.